ஆழமான கேக்கும் நடுவிலிட்ட தம்ளரும்

வடையில் இரண்டு வகை உண்டென்பது யாவரும் அறிந்ததே. ஆமவடையைத் தட்டையாகத் தட்டி எண்ணெயில் இடுகிறோம். அதற்குத் துளை கிடையாது. உளுந்துவடை உப்பலானது; ஆகவே அதன் நடுவே விரலால் ஒரு துளை இட்ட பிறகே எண்ணெயில் விடுகிறோம். இத்துளை வெறும் அழகுக்காக இடப்படுவது அன்று. துளையின்றி ஓர் உளுந்துவடையைச் சுட்டுப் பாருங்கள். மேற்புறம் பொன்னிறமாகி மொறுமொறுவென்று இருக்கும். பிட்டுப் பார்த்தாலோ நடுவே பச்சை மாவு விரலில் ஒட்டும். துளை இட்டால் எண்ணெய் நடுவிலும் புகுந்து அங்கிருந்தும் வேகவைக்கிறது. பள்ளிக்கூடம் சென்றறியாத பாட்டிமார் கையாண்ட இந்த உபாயத்தில் பௌதிக சாஸ்திரத்தின் ஒரு முக்கியமான விதி அடங்கியிருக்கிறது. அவ்விதியைத் துணையாகக் கொண்டு, ஆழமான கேக்குகளை வீட்டில் உள்ள பாத்திரங்களைக் கொண்டே உள்ளும் புறமும் ஒரே சீராக வேகவைப்பது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

மதுரை, திண்டுக்கல், தேனி ஆகிய ஊர்களுக்கும் கொடைக்கானல் மலைக்கும் செல்லும் சாலைகள் கூடுகிற வத்தலக்குண்டில் நான் வசிக்கிறேன். இங்கே பிறந்தநாளென்றால் பாயசத்தோடு கேக்கும் இருக்க வேண்டும் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வீட்டிலேயே கேக் செய்து விற்றுச் சிறு வருவாய் தேடும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். பாவாடை விரித்து நிற்கும் பொம்மையைப் போலவும், கோபுரம் போலவும், பந்து போலவும் கேக் வேண்டுமென்று கேட்போர் மிகுதி. இத்தகைய வடிவங்களுக்கு ஆழமான பாத்திரம் வேண்டும். தட்டையான கேக்கைப் பழுதின்றிச் செய்யும் கைகளே ஆழமான கேக்கில் தடுமாறுகின்றன. முட்டை, வெண்ணெய், சர்க்கரை எல்லாவற்றுக்கும் காசு செலவழித்து, விருந்தினர் நடுவே கத்தி வைக்கும்போது உள்ளே கூழாக இருந்தால், அன்றைய வருவாய் மட்டுமா போகிறது? அடுத்த முறை அழைப்பாரும் இல்லாமல் போகிறார்கள். பச்சை முட்டையில் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் உண்பவருக்கும் கேடு. ஆகவே இதை அற்ப விஷயமென்று தள்ளுவதற்கில்லை.

நடு வேகாமல் நிற்பது ஏன்? முதலில் கேக் மாவின் இயல்பைக் கவனியுங்கள். அதில் எண்ணற்ற காற்றுக் குமிழிகள் உள்ளன. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி நம்மைக் குளிரிலிருந்து காப்பதும் அதனுள் தங்கிய காற்றினாலேதான். ஓரத்து மாவு வெந்து பஞ்சு போலானதும், அதுவே உள்ளிருக்கும் மாவுக்குக் கம்பளி போர்த்தியது போல் ஆகிவிடுகிறது. வெளியே வெப்பம் எவ்வளவு இருந்தாலும் உள்ளே அது மெதுவாகவே ஊர்ந்து செல்லும்.

அடுத்து, வேகும் நிலைகளைப் பாருங்கள். ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரி சென்டிகிரேடுக்குள் முட்டையின் புரதம் இறுகுகிறது. மாவிலுள்ள ஸ்டார்ச்சு நீரை உறிஞ்சித் தடிக்கிறது. நடுப்பகுதி 95 டிகிரியைத் தாண்டினால் கேக் வெந்துவிட்டதாகக் கொள்ளலாம். உள்ளே நீர் இருக்கும் வரையில் அப்பகுதி 100 டிகிரிக்கு மேல் செல்லாது. ஆனால் புறத்தோல் உலர்ந்துவிடுவதால் 140 டிகிரிக்கு மேலும் ஏறிச் சிவக்கிறது. இன்னும் ஏறினால் கருகுகிறது. எனவே ஒரே கேக்கில் ஒரே சமயத்தில் கருகலும் பச்சையும் இருப்பது வியப்பன்று. மேலும், ஓரம் முன்னதாக இறுகிவிட, நடுவிலுள்ள இளகிய மாவு மட்டும் பொங்கி மேற்பரப்பைப் பிளந்துகொண்டு குன்றுபோல் எழும்புகிறது. வெந்தது என்று நம்பி வெளியே எடுத்ததும் அக்குன்று குழியாக அமிழ்ந்துவிடுகிறது.

இதில் ஒரு கணக்கும் உண்டு. ஒரு பொருளின் கனம் இரு மடங்கானால், அதன் நடுவுக்கு வெப்பம் சென்று சேரும் நேரமும் இரு மடங்காகும் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மையில் அது ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. காரணம் எளிது. சூடாக வேண்டிய பொருளும் இரு மடங்கு. அதனூடே வெப்பம் பாயும் வேகமோ, தூரம் கூடியதால் பாதியாகக் குறைகிறது. இரண்டும் இரண்டும் பெருகி நான்காகின்றன. தட்டையான கேக்கைப் பழகியவர் ஆழமான கேக்குக்கு இன்னும் பத்து நிமிஷம் போதுமென்று கருதுவது இதனாலேயே பொய்த்துப் போகிறது.

நோயின் காரணம் விளங்கினால் மருந்தும் விளங்கும். நடுவுக்கும் சூடான பரப்புக்கும் உள்ள தூரத்தைக் குறைக்க வேண்டும். ஓரம் விரைந்து வேகாமல் தாமதப்படுத்த வேண்டும். வெப்பம் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே அளவாக வரவேண்டும். இந்த மூன்றும் கைகூடினால் போதும்.

தூரத்தைக் குறைக்கும் வழியை உலகின் பல பாகங்களிலும் மக்கள் கண்டிருக்கிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, அல்ஸாஸ் முதலிய நாட்டுப் பகுதிகளில் கூகல்ஹோஃப் என்னும் கேக்கை, நடுவே குழாய் எழுந்து நிற்கும் அச்சில் நெடுங்காலமாகச் சுட்டு வருகிறார்கள். நம் அண்டை நாடான இலங்கையில் டச்சு வம்சத்தவராகிய பறங்கியர் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் புரூடர் என்னும் பண்டமும் இவ்வகை அச்சிலேயே வேகிறது. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து மாதர் சிலர், கனத்த பழைய அச்சுக்குப் பதிலாக இலேசான ஒன்று வேண்டுமென்று கேட்டதற்கிணங்க, டேவிட் டால்குவிஸ்ட் என்பவர் 1950-ஆம் ஆண்டில் அலுமினியத்தில் ஓர் அச்சு வார்த்தார். பண்ட் அச்சு என்று பெயர் பெற்ற அது முதலில் மெதுவாகவே விற்றது. 1966-ஆம் ஆண்டில் ஒரு சமையற் போட்டியில் அவ்வச்சில் சுட்ட கேக் இரண்டாம் பரிசு பெற்ற பிறகு நாடெங்கும் பரவியது.

ஓவன் என்னும் பெட்டியடுப்பே இல்லாதவர்கள் கண்ட வழி இன்னும் ருசிகரமானது. இஸ்ரேல் நாட்டில் 1950-களில் பஞ்ச காலம்போல் எல்லாப் பொருள்களுக்கும் பங்கீடு இருந்தது. அப்போது அங்கே 'அதிசயப் பானை' என்று பொருள்படும் பெயருடைய ஓர் அலுமினியப் பாத்திரம் வழக்கத்துக்கு வந்தது. அதன் நடுவே குழாய். அடியில் வைக்க, நடுவில் துளையுள்ள கனத்த உலோகத் தகடு. மேலே துளைகளுள்ள கவிந்த மூடி. அடுப்பின் மேல் வைத்தால், தகடு தீயின் கடுமையைத் தணித்துப் பரப்புகிறது. சூடான காற்று குழாய் வழியே மேலேறி மூடியின் அடியில் பரவி, கேக்கின் மேற்புறத்தையும் வேகவைத்து, துளைகளின் வழியே வெளியேறுகிறது. கீழும் நடுவும் மேலும் ஆகிய மூன்று பக்கங்களுக்கும் ஒரே தீயால் வேலை நடக்கிறது!

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிக்கு முன்னோடி உண்டு. மலபாரில் தலச்சேரியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய மாம்பள்ளி பாபு என்பவர், 1883-ஆம் ஆண்டில், மர்டாக் பிரௌன் என்ற ஆங்கிலத் தோட்டக்காரர் மாதிரிக்குக் கொடுத்த கேக்கைப் பார்த்துத் தாமே ஒரு கிறிஸ்துமஸ் கேக்கைச் செய்தார் என்று அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறி வருகிறார்கள். அச்சுக்காக அவர் சீமைக்கு எழுதிக் காத்திருக்கவில்லை. பக்கத்துத் தர்மடம் ஊர்க் கொல்லரைக் கொண்டே அதைச் செய்துகொண்டாராம். சாதனம் இல்லையே என்று ஏங்குவதைவிட, சாதனம் செய்ய வேண்டிய வேலை யாது என்று ஆராய்வது மேல் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி நம் சமையலறைக்கு வருவோம். கனத்த அடியுள்ள அகன்ற பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கழுவிக் காயவைத்துச் சலித்த மணலை அதில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். கடலை வறுப்பவர் சட்டியில் மணல் இடுவது எதற்காகவோ, அதற்காகவே இங்கும் இடுகிறோம். மணல் தீயின் வெப்பத்தை வாங்கிச் சேமித்து எங்கும் சீராகப் பகிர்ந்து கொடுக்கிறது. மணலின் மீது ஓர் இரும்பு வளையத்தை வைத்து, அதன்மேல் கேக் பாத்திரம் நிற்க வேண்டும். மணலில் நேராகப் புதைந்தால் அடி கருகும். கேக் பாத்திரத்தை உள்ளே வைப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்கு முன்பே பாத்திரத்தை மூடிச் சூடேற்றிவிட வேண்டும்.

இவ்வடுப்பின் குறை யாதெனில், வெப்பம் கீழிருந்தே மிகுதியாக வருவதாகும். அதற்கும் நம்மிடம் பரிகாரம் உண்டு. திண்டுக்கல் பக்கத்தில் பிரியாணிக்குத் தம் போடும்போது மூடியின்மேல் தணலைப் பரப்புகிறார்கள் அல்லவா? அவ்வாறே மூடிக்குப் பதிலாகச் சூடேற்றிய இரும்புத் தோசைக்கல்லைக் கவிழ்த்து மூடலாம். ஆறும்போது மாற்றிச் சூடேற்றலாம். நீராவி வெளியேறச் சிறிது இடைவெளி விடுங்கள்; இல்லாவிடில் மூடியில் படிந்த நீர் சொட்டிக் கேக்கின் மேற்புறம் பிசுபிசுக்கும்.

இப்போது நடுவைக் கவனிப்போம். குறுக்களவு 16 சென்டிமீட்டர் உள்ள உருளைப் பாத்திரத்தில் 12 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கேக் எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மையம் பக்கச் சுவரிலிருந்து 8 சென்டிமீட்டரும், மேலிருந்தும் கீழிருந்தும் 6 சென்டிமீட்டரும் தள்ளியிருக்கிறது. நடுவே 4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, நேரான ஒடுங்கிய தம்ளரை நிறுத்தினால், சுற்றிலும் உள்ள மாவு வளையத்தின் கனம் 6 சென்டிமீட்டர்தான். அதன் எந்தப் பகுதியும் உலோகச் சுவரிலிருந்து 3 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிராது. மிகக் குறுகிய தூரம் ஆறிலிருந்து மூன்றாகிவிட்டது. இதனால் இழக்கும் மாவு எவ்வளவு? பதினாறில் ஒரு பங்கு மாத்திரமே! முன் சொன்ன கணக்குப்படி நேரம் நான்கில் ஒன்றாக வேண்டும். ஆனால் தம்ளரின் உட்புறம் வெளிச்சுவர் அளவுக்குச் சூடாக இராது என்பதால் நடைமுறையில் அவ்வளவு குறைவதில்லை. எனினும் என் அடுப்பில் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது: தம்ளர் வைத்த கேக்கின் ஓரம் கருகுவதற்கு முன்பே நடு வெந்துவிடுகிறது.

தம்ளர் கேக்கைவிட உயரமாக இருக்க வேண்டும். அதன் வெளிப்புறத்தில் வெண்ணெய் தடவிக் காகிதம் சுற்றுங்கள். வெறும் தம்ளர் மாவில் மிதக்கும். ஆகையால் உள்ளே பொடி உப்பை வாணலியில் நன்கு வறுத்துச் சூடாக நிரப்புங்கள். மணலும் பயன்படும், ஆனால் ஒரு துளி மணல் கேக்கில் சிந்தினாலும் பல்லில் நெரியும். அச்சில் முதலில் தம்ளரை நிறுத்தி, சுற்றிலும் மாவை மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரை ஊற்றி, பிறகே உப்பை இட வேண்டும். அலுமினியத் தம்ளர் கிடைத்தால் சிறப்பு. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் வல்லது. வெந்து சிறிது ஆறியதும் உப்பை எடுத்துவிட்டுத் தம்ளரை மெல்லத் திருகி உருவலாம். எஞ்சும் குழியைத் தனியே சுட்ட கேக்குத் துண்டால் அடைக்கலாம், பழப்பாகு நிரப்பலாம். பொம்மைக் கேக்குக்கோ அக்குழி மிகவும் வேண்டியதே; பொம்மையின் கால்கள் அதனுள் அடங்கிவிடுகின்றன.

அரைக்கோள வடிவக் கிண்ணத்தில் சுடும்போது கிண்ணம் சாயாமல் நிற்பதற்கேற்ற வளையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் அடி குறுகி வாய் அகன்றிருப்பதால், அடிப்பகுதி முன்னதாக வெந்துவிடும். மேல் நடுப்பகுதி பின்தங்கும். அங்கும் நடுத் தம்ளரே துணை.

ஓரத்தைத் தாமதப்படுத்தும் உபாயம் ஈரத்துணி. தடித்த பருத்தித் துணியைப் பட்டையாக மடித்து, நனைத்துப் பிழிந்து, கேக் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைச் சுற்றிக் கட்டுங்கள். துணியில் நீர் உள்ள வரையில் அவ்விடம் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. வரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். மண்பானை நீர் குளிர்வதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. ஓரம் இறுகத் தாமதிப்பதால் கேக் குன்றாக எழாமல் சமமாக எழும்பும். துணி தீயையோ மணலையோ தொடலாகாது. அது முற்றிலும் உலர்ந்துவிடுவதற்கும் விடலாகாது. செயற்கை இழை கலந்த துணி உருகும்; அதைத் தவிர்க்கவும். பாத்திரத்தின் உட்புறம் இரட்டைக் காகிதம் இடுவதும் ஓரளவு இவ்வேலையைச் செய்யும்.

ஓவன் உடையோர் தட்டைக் கேக்குக்கு 180 டிகிரி வைத்தால், ஆழமானதற்கு 150 அல்லது 160 டிகிரி வைத்து நீண்ட நேரம் சுடுவது நலம். மாவும் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும். வெண்ணெய்க் கேக்கும் மலைவாழைப்பழக் கேக்கும் ஆழமான அச்சைத் தாங்கும். மிக இலேசான மாவு தன் பாரத்தாலேயே அமிழும்.

எங்கள் ஊரார் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. கொடைக்கானல் கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவாதலால் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. கேக்கிலுள்ள குமிழிகளும் எளிதில் விரிகின்றன. ஆகவே மலையில் கேக் விரைந்து பொங்கி, இறுகுவதற்குள் அமிழ்ந்துவிடக்கூடும். அங்கே பேக்கிங் பவுடரைக் குறைக்கிறார்கள். மலையில் எழுதிக்கொண்ட அளவை அடிவாரத்தில் அப்படியே பின்பற்றினால் கேக் எழும்பாமல் கனத்துப் போகலாம். ஊருக்கேற்ற அளவு வேண்டும்.

சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. துத்தநாகம் பூசிய வாளி, வர்ணம் அடித்த பழைய டின், மெலமைன் கிண்ணம் ஆகியவை வடிவத்தில் எவ்வளவு பொருத்தமாக இருப்பினும் அச்சாகா. அவற்றிலிருந்து நஞ்சு உணவில் கலக்கக்கூடும். பற்றவைப்பில் பயன்படும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பொடி 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஆதலால் அவ்வாறு பற்றவைத்த குழாய் அச்சை அடுப்பில் ஏற்றாதீர்கள். பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்துவோர், வாயிலுள்ள ரப்பர் வளையத்தையும் மேலுள்ள எடையையும் கட்டாயமாக நீக்கிவிட வேண்டும். நீரின்றி இறுக மூடிய குக்கரைத் தீயில் வைப்பது அபாயம். கரித்தணலை மூடிய அறையில் மூட்டாதீர்கள், அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரையே குடிக்கும்.

கேக் வெந்ததா என்று எப்படி அறிவது? ஒரு சுத்தமான தென்னை ஈர்க்கை எடுத்துத் தம்ளருக்கும் வெளிச்சுவருக்கும் நட்ட நடுவே, ஆழத்தில் பாதி வரை செலுத்தி எடுங்கள். ஈர மாவு ஒட்டாமல் வரவேண்டும். ஓரிடத்தில் மட்டும் குத்திப் பார்த்து அமையாமல், மூன்று நான்கு திசைகளிலும் பாருங்கள்.

மாணவ நண்பர்களே, நான் கூறியவற்றை அப்படியே நம்ப வேண்டுமென்பதில்லை. நீங்களே சோதிக்கலாம். மணல் அடுப்பினுள் ஒரு தட்டில் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி வைத்தால், எங்கே முன்னதாகச் சிவக்கிறதோ அங்கே வெப்பம் மிகுதி என்பது விளங்கும். வளையத்தை நகர்த்தியும் மணலைச் சமன் செய்தும் திருத்தலாம். வெப்பமானி இல்லையெனினும் கவலையில்லை. சர்க்கரை 186 டிகிரி அளவில் உருகுகிறது. ஒரு சிட்டிகை சர்க்கரையைச் சிறு தகட்டில் வைத்துக் கால் மணி நேரம் பாருங்கள். உருகினால் அடுப்பு கேக்குக்கு மிஞ்சிய சூட்டில் இருக்கிறதென்று அறிந்து தீயைக் குறைக்கலாம். பிறகு ஒரே மாவை இரு பங்காக்கி, ஒரே அளவான இரு பாத்திரங்களில், ஒன்றில் தம்ளருடனும் மற்றொன்றில் தம்ளரின்றியும், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தீயில் சுடுங்கள். இரண்டாம் பங்கு மாவைக் காத்திருக்க வைத்தால் அதன் குமிழிகள் அடங்கிவிடுமாதலால், ஒவ்வொரு முறையும் புதிதாகவே கலந்துகொள்ளுங்கள். ஈர்க்கு உலர்ந்து வரும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அறுத்த பக்கத்தில் பச்சை எங்கே, கருகல் எங்கே என்று படம் வரைந்துகொள்ளுங்கள். வீட்டிலே கேக் செய்து விற்கும் தாய்மாருக்கும் தமக்கைமாருக்கும் அந்த நோட்டு மிகவும் உதவும். ஒரு முறை வீணாகும் பொருளை மறுமுறை வீணாகாமல் காக்கும்.